கியர் பாக்ஸ்: காரி போச்சு... கார் வந்துச்சு!

போன வார அரியர் புராணத்தைப் படிச்சுட்டுத் தேம்பினவங்க எல்லாம் கர்ச்சீஃபைக் காயப் போட்டாச்சா? இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் காஸ்ட்லி. கார் மேட்டர். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்!

'குளத்தூர்க்காரன், மெக்கானிக்கல் மூணாம் வருஷம், மெஸ் பில்லுக்கே முழி பிதுங்குறவன்... இவனுக்கு ஏது ஸ்போர்ட்ஸ் கார்?'னு நீங்க சிரிக்கிற சத்தம் கீரனூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்குது. கொஞ்சம் பொறுங்க பாஸ். எங்க வீட்டு மாட்டுக் கொட்டகையில நிக்குது நம்ம வண்டி. ஃபோர்டு ஐகான் 1.6. சில்வர் கலர். 2005 மாடல். நானும் 2005 மாடல்தான். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. என்ன, அதுக்கு அரியர் கிடையாது.

'ஐகானா? நாலு கதவு, டிக்கி வெச்ச குடும்ப கார் ஆச்சே! அதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார்ங்கறே?' இந்தக் கேள்வியை என் டிபார்ட்மென்ட்ல கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். அசல் ஸ்போர்ட்ஸ் கார்னா ரெண்டே சீட்டு இருக்கணும், கூரையைத் திறக்க முடியணும், அப்பா அம்மா ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல ஏத்த முடியாம இருக்கணும். இந்த ரகத்துல உலகத்துக்கே செல்லப் பிள்ளை 1989-ல வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5. பத்து லட்சத்துக்கும் மேல ஓடியிருக்கு. ஆனா, நம்ம ஊர் ஷோரூம் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கலை. நம்மாளுங்க ஆசையைத் தீர்க்க 1998-ல கோவாவுல 'சான் ஸ்டார்ம்'னு ஒரு குட்டி வண்டி வந்துச்சு. ஃபைபர் பாடி, துணிக்கூரை, 1.2 லிட்டர் ரெனோ இன்ஜின், 60 குதிரை. பார்க்க ஜோர். ஆனா அதைவிட குதிரை ஜாஸ்தி உள்ள குடும்ப கார் பக்கத்துல வந்து ஹாரன் அடிச்சா ஒதுங்கி வழிவிடணும். அந்தக் குடும்ப காருக்குப் பேர்தான் ஐகான்!

இது நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளை, தெரியுமா? செங்கல்பட்டு பக்கத்துல மறைமலை நகர்ல ஃபோர்டு தொழிற்சாலையில 1999 கடைசியில முதல் வண்டி வெளியே வந்துச்சு. இங்கே இருந்து தென்னாப்பிரிக்கா, மெக்ஸிகோ வரைக்கும் கப்பல் ஏறிச்சு. விளம்பரத்துல 'ஜோஷ் மெஷின்'னு கூப்பிட்டாங்க. ஜோஷ் எங்கே இருந்துச்சுன்னா, 1.6 லிட்டர் 'ராக்காம்' இன்ஜின்ல. 92 குதிரைத் திறன். வண்டி எடை சுமாரா ஒரு டன். அந்தக் காலத்துல ஊரெல்லாம் ஓடின மாருதி 800-ல 40 குதிரைகூட இல்லைங்கறதை மனசுல வெச்சு இதைப் பாருங்க.

ராக்காம்னா ராமாயணத்துல வர்ற ஆள் இல்லை. இன்ஜின்ல வால்வைத் திறந்து மூடுற கேம்ஷாஃப்ட்டும் அதைத் தொடுற விரல் மாதிரியான பாகமும் எப்பவும் உரசிக்கிட்டே இருக்கும். அந்த இடத்துல குட்டியா ஒரு உருளையை வெச்சுட்டாங்க. உரசல் போய் உருளல் ஆயிடுச்சு. சைக்கிள் பெடல்ல பால்ரஸ் போட்டா எப்படி லேசாகுது, அதேதான். அதனால இந்த இன்ஜின் தாறுமாறா முறுக்கிக் கத்தவெச்சாதான் இழுக்கும்னு கிடையாது. கீழ்சுற்றுலேயே கயிறு கட்டி இழுக்குற மாதிரி இழுக்கும். இதை என் வைவாவுல சொன்னேன். எக்ஸ்டெர்னல் சிரிச்சுட்டார். மார்க்கு போட்டாரா, அது வேற கதை.

சரி, வண்டி எப்படி நம்ம கொட்டகைக்கு வந்துச்சு? என் மாமா, அம்மாவோட தம்பி, 2010-ல அதை செகண்ட் ஹேண்டா வாங்கினார். ஊர்ல முதல் நாள் ஓட்டிட்டு வந்தப்ப டீக்கடையே எழுந்து நின்னுச்சுன்னு இன்னிக்கும் சொல்வார். 2016-ல சிங்கப்பூர் போயிட்டார், கட்டட வேலைக்கு. வண்டி வேப்பமரத்தடியில நின்னுச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப அதே வேப்பமரத்தோட கிளை முறிஞ்சு அதோட தலையில உட்கார்ந்துச்சு. கூரை நசுங்கல் இன்னும் இருக்கு. அதை எடுக்கவேண்டாம்னு நான்தான் சொல்லிட்டேன். (காசு இல்லைங்கறதுதான் நிஜக் காரணம். வெளியில 'நினைவுச்சின்னம்'னு சொல்லிக்கறேன்!)

மாமா கதையில ஒரு காமெடி இருக்கு. அவர் தினமும் வேலைக்குப் போற லாரியில இருந்து பார்க்கிற ரோட்டுல போர்ஷே, ஃபெராரி எல்லாம் சர்வ சாதாரணம். ஆனா சிங்கப்பூர்ல கார் வெச்சுக்கணும்னா முதல்ல ஒரு சான்றிதழை ஏலத்துல எடுக்கணும். அதுக்கு ஆயுசு 10 வருஷம். 2023 அக்டோபர்ல பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 சிங்கப்பூர் டாலருக்குப் போச்சு. காருக்கு இல்லை பாஸ், வெறும் பேப்பருக்கு! 10 வருஷம் முடிஞ்சா மறுபடி காசைக் கட்டணும், இல்லைன்னா நல்லா ஓடுற வண்டியைக்கூட ஒதுக்கிடணும். 'ஏன் மாமா, அங்கே கழிச்சுப் போடுற ஸ்போர்ட்ஸ் காரை ஒண்ணு இங்கே அனுப்பக் கூடாதா?'ன்னு போன்ல கேட்டேன். 'மூணு வருஷத்துக்கு மேல பழசான வண்டியை இந்தியாவுக்குள்ள விடமாட்டான் மாப்ள. இருக்கறதை ஒழுங்கா ஓட்டு'ன்னார். பத்து வயசுல காரைக் கிழவன்னு சொல்ற ஊர்ல இருந்துக்கிட்டு, பதினெட்டு வயசுக் காரை எனக்குக் கொடுத்தார் மனுஷன். 2023-ல. நான் காலேஜ் சேர்ந்த வருஷம்.

அதே வருஷம் எங்க வீட்டை விட்டு இன்னொண்ணு போச்சு. காரி.

காரின்னா எங்க பக்கத்துல கறுப்புக் காளை. புதுக்கோட்டை மாவட்டத்துப் பசங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மத்தவங்களுக்கு: வருஷா வருஷம் ஜனவரியில முதல் வாடிவாசல் திறக்குற தச்சங்குறிச்சி எங்க மாவட்டம்தான். 2017-ல மெரினா போராட்டம் முடிஞ்ச கையோட அப்பா ஒரு கன்னு வாங்கிட்டு வந்தார். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தினமும் நடை, குளத்துல நீச்சல், மண்ணைக் குத்தப் பழக்குறதுன்னு ஆறு வருஷம். உழவுக்குப் போகாது, வண்டி இழுக்காது, பால் தராது. வருஷத்துல ரெண்டு மூணு நாள் வாடிவாசல்ல இருந்து வெளியே பாயும். அவ்வளவுதான் அதோட வேலை. 'இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?'ன்னு அம்மா கேட்டா அப்பா பதில் சொல்லமாட்டார். எழுந்து கொட்டகைக்குப் போயிடுவார். அந்தக் காரியை வித்துதான் என் முதல் வருஷ ஃபீஸ் கட்டினாங்க. கொட்டகை காலியாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அதே இடத்துல நான் கொண்டுவந்து நிறுத்தினது ஐகானை.

அப்பத்தா பார்த்துட்டு ஒரே வரிதான் சொன்னாங்க: 'காரியை வித்துட்டு காரைக் கட்டிக்கிட்டு அழுவுறான் பாரு!'

சிரிச்சேன். அப்போ அர்த்தம் புரியலை.

நின்னுபோன வண்டியை எழுப்புறது இருக்கே, அது கோமாவுல இருக்குறவங்களை எழுப்புற மாதிரி. கீரனூர்ல ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். காலேஜ்ல நாலு வருஷத்துல சொல்லித்தர்றதை நாலு சனிக்கிழமையில சொல்லித் தந்தவர். சாவியைத் திருப்பப் போனேன். கையில ஒரு தட்டு. 'பழைய பெட்ரோலை முதல்ல இறக்கு தம்பி.' இறக்கினா வார்னிஷ் வாடை! பெட்ரோல் நாள்பட்டா பிசினாகி இன்ஜெக்டரை அடைச்சுடும். அடுத்து பானெட்டைத் திறந்தா, உள்ளே எலி குடும்பம் நடத்தியிருக்கு. வயரிங்ல பாதி அதுங்களோட டிபன். பிரேக் டிரம் துரு பிடிச்சு ஒட்டிக்கிச்சு. டயர் பூ எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. 'டயர் புதுசு மாதிரி இருக்குண்ணே'ன்னேன். அவர் டயரோட பக்கவாட்டுல விரலை வெச்சார். '1411'னு நாலு எண். 2011-ம் வருஷம் 14-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ரப்பருக்கு வயசு கிலோமீட்டர்ல இல்லை, வருஷத்துல! அஞ்சாறு வருஷம் தாண்டினா பூ இருந்தாலும் பிடிப்பு இருக்காது. உங்க வீட்டு வண்டியில இப்பவே போய்ப் பாருங்க. நிறைய பேர் வயித்துல புளி கரையும்.

பழைய வண்டி வாங்கணும்னு ஆசை இருக்குறவங்களுக்கு அண்ணன் சொன்ன இன்னும் சில சங்கதிகள். விக்கிறவர் நீங்க வர்றதுக்கு முன்னாடியே இன்ஜினைச் சூடாக்கி வெச்சிருந்தா உஷார். ராத்திரி முழுக்க ஆறின இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் பண்ணணும். கோளாறு எல்லாம் முதல் ஒரு நிமிஷத்துலதான் வாயைத் திறக்கும். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. நிக்காம வர்ற வெள்ளைப் புகைன்னா கூலன்ட் உள்ளே போகுது. ஆயில் மூடியைத் திறந்தா உள்ளே காபி நுரை மாதிரி இருந்தா, கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க. ஆர்.சி. புக்ல இருக்குற சேஸி நம்பரும் வண்டியில பொறிச்சிருக்குற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. பழைய லோன் ஆர்.சி.யில அடிக்கப்படாம நிக்குதான்னும் பாருங்க. அப்புறம் ஃபாரம் 29, ஃபாரம் 30-ல கையெழுத்து வாங்கி உடனே பேர் மாத்திடுங்க. மாமா வண்டியை நாங்க அப்பா பேருக்கு மாத்தினோம். அதாவது, நான் ரோட்டுல என்ன வில்லங்கம் பண்ணினாலும் வாசல்ல வந்து நிக்கிற நோட்டீஸ்ல அப்பா பேர் இருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறப்ப எல்லாம் இது ஞாபகம் வரும். இந்த வண்டியில ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. நம்மகிட்ட இருக்குறது சீட் பெல்ட்டும் புத்தியும் மட்டும்தான். ரெண்டாவது எப்பவும் இருக்கும்னு உத்தரவாதம் இல்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் படலம் தனி. ஐகான் 2011-லேயே நின்னுபோச்சு. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் செய்யறதையே நிறுத்தறதா அறிவிச்சுது. 2022-ல மறைமலை நகர்ல கடைசி வண்டி வெளியே வந்துச்சு. 2024-ல, ஏற்றுமதிக்காக அந்தத் தொழிற்சாலையை மறுபடி பயன்படுத்தப் போறோம்னு தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தாங்க. சந்தோஷம்தான், ஆனா அதனால என் வண்டிக்குக் கதவுக் கைப்பிடி வரப்போறதில்லை. அதனால புதுக்கோட்டைக்காரன் புதுப்பேட்டைக்குப் போனேன். சென்னைவாசிகளுக்குத் தெரியும், பிரிச்சுப்போட்ட வண்டிகளோட மகா சமுத்திரம் அது. 'ஐகான் லெஃப்ட் மிரர்'னு சொல்லி வாயை மூடல. நாலு கடையில இருந்து நாலு கண்ணாடி வந்துடுச்சு. எல்லாம் வேற வேற கலர். என் வண்டியோட இடது காது இப்போ கறுப்பு.

வண்டி 2023 டிசம்பர்ல எழுந்துச்சு. எழுந்துச்சா... பறந்துச்சு பாஸ்!

எப்படிச் சொல்றது? திருச்சி - புதுக்கோட்டை ரோடு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏர்போர்ட் தாண்டி, மாத்தூர் தாண்டி, ரெண்டு பக்கமும் பொட்டல். நார்த்தாமலை குன்றுகள் தூரத்துல யானை படுத்த மாதிரி தெரியும். விடிகாலை அஞ்சரை மணி. கண்ணாடி எல்லாம் இறக்கி, மூணாவது கியர்ல போட்டு லேசா மிதிச்சா, முதுகை யாரோ உள்ளங்கையால தள்ளுற மாதிரி ஒரு உந்தல். ஸ்டீயரிங்ல ரோட்டோட ஒவ்வொரு சொரசொரப்பும் விரலுக்கு வருது. இப்போ வர்ற புது வண்டிகள்ல ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி சுத்தும். ஆனா கீழே என்ன நடக்குதுன்னு ஒண்ணும் சொல்லாது. நம்ம ஐகான் வாயாடி, எல்லாத்தையும் சொல்லிடும். 80-ல போனாலே 120-ல போற சந்தோஷம். வேகமா போறதை விட, வேகம் போறது தெரியுற வண்டியிலதான் கிக்கு. இது என் தனிப்பட்ட தத்துவம், சண்டைக்கு வராதீங்க.

ஒருதடவை நாலு பேர் பெட்ரோலுக்குத் துண்டு விரிச்சு கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு! ரெண்டாவது கியர், மூணாவது கியர், ரெண்டாவது கியர்னு மேலே போகப் போக நான் சொர்க்கத்துக்குப் போனேன். பின் சீட்டுல இருந்த என் ரூம் மேட் 43-வது வளைவுல ஜன்னலுக்குப் போனான். இறங்குறப்ப பிரேக்கை மட்டும் நம்பாம கியர்லயே கட்டி இறக்கணும். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சிக்கும். பழைய ஆயில் சூடானா கொதிச்சு, பெடல் தரையைத் தொடும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும்கறதை நான் எங்கே கத்துக்கிட்டேன்னு கேட்காதீங்க. 61-வது வளைவுல.

இப்போ, சொல்லவேண்டாம்னு நினைச்ச கதைக்கு வர்றேன்.

இந்த ராக்காம் இன்ஜினுக்கு எல்லா நல்ல குணமும் உண்டு, ஒரு கெட்ட குணமும் உண்டு. தெர்மோஸ்டாட்டைச் சுத்தி இருக்குற கூடு பிளாஸ்டிக். சூடு, குளிர், சூடு, குளிர்னு வருஷக் கணக்கா வதங்கி, ஒருநாள் மயிரிழை மாதிரி விரிசல் விடும். கூலன்ட் சொட்டுச் சொட்டா போகும். உங்களுக்குத் தெரியாது, முள் ஏறினாதான் தெரியும். 'வண்டி ஓட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதை மாத்திடு தம்பி'ன்னு அண்ணன் மூணு தடவை சொன்னார். நான் அந்தக் காசுக்கு ஸ்பீக்கர் வாங்கினேன். அதோட நிக்காம, கூலன்ட் குறையுறப்ப எல்லாம் எங்க போர் தண்ணியை ஊத்தினேன். எங்க ஊர் போர் தண்ணியில பருப்பே வேகாது. பாத்திரத்துல வெள்ளையா படியும். அதேதான் ரேடியேட்டருக்குள்ளயும் படிஞ்சிருக்கு. மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் வேற, வெப்பப் பரிமாற்றம் பேப்பர்ல 78 மார்க்கு வாங்கினவன்!

2024 ஜூன். அப்பத்தாவுக்கு திருச்சியில கண் ஆபரேஷன் முடிஞ்சு, அப்பாவும் நானும் கூட்டிட்டு வர்றோம். மண்டையூர் தாண்டினதும் முள் சிவப்பைத் தொட்டுச்சு. அந்த நொடியே ஓரங்கட்டி ஆஃப் பண்ணியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. 'இன்னும் கொஞ்ச தூரம்தானே, கீரனூர் போயிடலாம்'னு ஓட்டினேன். ரெண்டே கிலோமீட்டர். பானெட்டுல இருந்து புகை, இன்ஜின் ஒரு முக்கல், அப்புறம் நிசப்தம். அலுமினியத் தலை சூட்டுல வளைஞ்சு, கேஸ்கெட் போச்சு. ஜூன் வெயில்ல, கண்ணுல பச்சைத்துணி கட்டின அப்பத்தா ரோட்டோரப் புளியமரத்தடியில ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. திட்டலை. தண்ணி கேட்டாங்க. என் வண்டியில ஸ்பீக்கர் இருந்துச்சு, தண்ணி இல்லை.

அண்ணன் கணக்குப் போட்டார். 24,500 ரூபாய். தெர்மோஸ்டாட் கூட்டை ஒழுங்கா மாத்தியிருந்தா அதுல பத்துல ஒரு பங்குகூட வந்திருக்காது. நான் வண்டியை அப்படியே எடைக்குப் போட்டுடலாம்னு சொன்னேன். அப்பா ரெண்டு நாள் எதுவும் பேசலை. மூணாவது நாள் கீரனூர் போய் காசைக் கட்டிட்டு வந்துட்டார். ஏது காசுன்னு அம்மாதான் சொன்னாங்க. காரி போனதுல இருந்து அப்பா கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக்கிட்டு இருந்தார். மறுபடி ஒரு கன்னு வாங்க.

அப்போதான் அப்பத்தா சொன்ன வரிக்கு அர்த்தம் புரிஞ்சுது பாஸ்.

அதுக்கப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் பண்ணினேன். சனி, ஞாயிறு அண்ணன் ஷெட்டுல வேலைக்குச் சேர்ந்தேன். ஆயில் மாத்துறது, வீல் கழட்டுறது, பிரேக் ஷூ துடைக்கிறது. இந்தப் பத்திரிகையில கிடைக்கிற சொற்பத்தையும் சேர்த்து, அப்பாகிட்ட மாசாமாசம் கொடுத்தேன். அவர் வாங்கி அலமாரியில வெப்பார், எண்ணமாட்டார். நகத்துல ஏறின கிரீஸ் லேப் ரெக்கார்டுல எல்லாம் கைரேகை வெச்சுது. லாபம் ஒண்ணு: பெட்ரோல்ல 20 சதவிகித எத்தனால் கலக்க ஆரம்பிச்சு 2025-ல ஊரெல்லாம் அதுதான்னு ஆனப்ப, என் வண்டியோட பழைய ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் நானே மாத்தினேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வெச்சு வெடிக்க விடும். மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும். ஏற்கெனவே லிட்டருக்கு பத்துதான் கொடுக்குது இந்த மகராசன். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல விக்கிற காலத்துல கிலோமீட்டருக்கு பத்து ரூபாய்! திருச்சிக்கு பஸ்ல போனா வர்ற மிச்சத்துல பரோட்டா சாப்பிடலாம். அதனால காலேஜுக்கு பஸ்தான். கார் ஞாயித்துக்கிழமை விடிகாலைக்கு மட்டும்.

கடைசியா வந்துச்சு பெரிய கண்டம். 2025 டிசம்பரோட ஆர்.சி. முடியுது. கார் ஆர்.சி.க்கு ஆயுசு முதல்ல 15 வருஷம்; அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2020-ல மாமா லீவுல வந்து கொரோனாவுல மாட்டிக்கிட்டப்ப புதுப்பிச்சார். அப்போ மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல அது 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000. இதுல பசுமை வரி தனி. இன்ஷூரன்ஸ் இன்னொரு இடி: 2022-ல நிர்ணயிச்ச கட்டணப்படி மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 1,500 சி.சி. வரைக்கும் 3,416 ரூபாய். அதுக்கு மேல போனா 7,897. ஜி.எஸ்.டி. சேர்த்தா ஒன்பதாயிரத்தைத் தாண்டும். நம்ம ஐகான் 1,597 சி.சி.! அந்த 97 சி.சி.க்கு வருஷா வருஷம் நாலாயிரத்துச் சொச்சம் ஜாஸ்தி. ஜோஷுக்கு வரி.

பழைய இரும்பு வியாபாரி ஒருத்தர் வீட்டுக்கே வந்து 30,000 தர்றேன்னார். நான் அப்பாகிட்ட கணக்கை எழுதிக் காட்டினேன். வித்தா 30,000 வருது. வெச்சா 20,000 போகுது. வித்துட்டு நீங்க கன்னு வாங்குங்கன்னேன். நிஜமாத்தான் சொன்னேன். ராத்திரி எல்லாம் யோசிச்சுட்டு சொன்னது. அப்பா பேப்பரை மடிச்சு என்கிட்டயே கொடுத்தார். 'எடைக்குப் போடுற ஆளு, ஸ்பீக்கரைக் கழட்டிக்கிட்டு மிச்சத்தை நசுக்கிடுவான்ல?'ன்னார். ஆமான்னேன். 'காரியை நான் கசாப்புக்கா வித்தேன்? வாடிவாசல் அவுத்துவிடுறவன்கிட்டதான் வித்தேன். போய் எஃப்.சி.க்கு ரெடி பண்ணு.'

ஒரு வாரம் ஷெட்டுல குடியிருந்தேன். ஃபாரம் 25, புகைச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், சேஸி நம்பரைப் பேப்பர் வெச்சு பென்சில்ல தேய்ச்செடுத்த பிரின்ட். புதுக்கோட்டை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைச் சுத்திவந்த இன்ஸ்பெக்டர் ஹாரன் அடிக்கச் சொன்னார், வைப்பர் போடச் சொன்னார், லைட்டு, இண்டிகேட்டர்... ரிவர்ஸ் லைட் எரியலை! முதல் நாள் ராத்திரி வரைக்கும் எரிஞ்ச லைட்டு! 'சரி பண்ணிட்டு வாங்க'ன்னுட்டார். வெளியில ஓடி, இருபது ரூபாய் பல்பு வாங்கிப் போட்டு, வரிசையில மறுபடி நின்னு... பாஸ்! 2030 வரைக்கும் கவலை இல்லை. கறுப்புக் காதைப் பார்த்து மட்டும் அவர் லேசா சிரிச்சார்.

திரும்பி வர்றப்ப அப்பா இடதுபக்க சீட்டுல. மண்டையூர் சம்பவத்துக்கு அப்புறம் அவர் இந்த வண்டியில ஏறினதே இல்லை. நான் 60-லேயே ஓட்டிக்கிட்டு வந்தேன். கண்ணு முழுக்க டெம்பரேச்சர் முள்ளு மேல. நார்த்தாமலை திருப்பம் தாண்டி ரோடு நேரா, காலியா கிடந்துச்சு.

'ஏன் உருட்டிக்கிட்டே வர்ற? கொஞ்சம் மிதிச்சுத்தான் விடேன்.'

நாலுல இருந்து மூணுக்கு மாத்தி மிதிச்சேன். வண்டி ஒரு உறுமல் உறுமி முன்னால பாஞ்சுது. அப்பா வலது கை தானா டேஷ்போர்டைப் பிடிச்சுது. ஓரக்கண்ணால பார்த்தேன். ஜனவரி மாசம் வாடிவாசல் பக்கத்துல நிக்கிறப்ப இருக்குமே, அந்த முகம். முள் 90-ஐத் தொட்டதும் நானே காலை எடுத்துட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. கீரனூர் வர்ற வரைக்கும் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே வந்தார்.

கீரனூர்ல டீ குடிக்க நிறுத்தினப்பதான் வாயைத் திறந்தார். இலுப்பூர் பக்கம் ஒருத்தர்கிட்ட காரிக் கன்னு ஒண்ணு இருக்காம். நல்ல சுழியாம். அலமாரியில நான் கொடுத்ததும் அவர் சேர்த்ததும் கிட்டத்தட்ட வந்துடுச்சாம். வர்ற ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலாம்னார். எனக்குத் தொண்டை அடைச்சுது. டீயைக் குடிச்சு சமாளிச்சேன். அவர் வண்டியை ஒரு சுத்து சுத்திவந்து, பின்பக்கக் கதவைத் திறந்து, உள்ளே குனிஞ்சு பார்த்தார்.

'ஏன்டா தம்பி, இந்தப் பின் சீட்டைக் கழட்டிட்டா கன்னு நிக்குமா?'